தீர்த்தம்மாள் மேல் இறங்கிய சந்தியா

மார்கழி பாதியைத் தாண்டினால் தீர்த்தம்மாள் அக்கா ஒரு துணிப்பையோடு என் கடைக்கு வந்துவிடுவாள். மாரண்டஹள்ளி ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் முனையில் ஒற்றை அறை, ஒரு தையல் மெஷின், ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக். அதுதான் என் கடை. பையில் பாவாடைக்கு ஒரு துணி, சட்டைக்கு ஒரு துணி இருக்கும். அளவு சொல்ல மாட்டாள். நானும் கேட்க மாட்டேன். என் அளவு நோட்டில் ஒரு பக்கத்தின் முனை நாலு வருசமாக மடித்தபடியே கிடக்கிறது. மேலே ‘சந்தியா, பதினொன்னாவது’ என்று எழுதியிருக்கும். இடுப்பு இருபத்தாறு, நீளம் முப்பத்தேழு. அந்த அளவு எடுத்த அன்று டேப் பட்ட இடமெல்லாம் கூச்சம் என்று நெளிந்து, தோளளவை மட்டும் மூன்று தரம் எடுக்க வைத்தாள் அந்தக் கழுதை.

அக்கா போன ஒரு மணி நேரத்துக்குள் அவள் புருசன் மாதப்பன் வண்டியைக் கொண்டுவந்து கடை முன்னால் நிறுத்துவார். எனக்கு மாமா முறை.

“கண்ணம்மா, நீளத்துல ரெண்டு இஞ்ச் கூட்டி வைம்மா. பாப்பாவுக்கு இப்ப இருபது வயசு ஆவுதில்ல?”

செத்துப்போன பெண் எப்படி மாமா வளருவாள் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். என் வாய்க்கு ஊரில் நல்ல பேர் கிடையாது. ஆனாலும் அந்த இடத்தில் மட்டும் அடக்கிக்கொள்வேன். துணியை இரண்டு அங்குலம் கூட்டி வெட்டி, கூட்டியதை உள்பக்கம் மடித்து டக் போட்டுவிடுவேன். பார்த்தால் அம்மாவுக்குத் தெரிந்த பழைய அளவு. பிரித்தால் அப்பா கேட்ட புது அளவு. வளரும் பிள்ளைகளுக்கு எல்லாத் தையல்காரிகளும் செய்கிற வேலைதான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணை வெளியே விட்டு வைக்க மாட்டார்கள். பம்பை அடித்து, கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்து, பூவாடைக்காரி என்று வைத்துக் கும்பிடுவார்கள். வருசம் ஒருமுறை தை மாதத்தில் அவளுக்குப் புதுத்துணி, வளையல், கண்ணாடி, பிடித்த பலகாரம். வீட்டில் கல்யாணம் வந்தால் முதலில் அவளைக் கேட்டுவிட்டுத்தான் மஞ்சள் இடிப்பார்கள். வீட்டு ஆள் யார் மேலாவது அவள் இறங்கி வந்து, சரி என்று சொல்ல வேண்டும். சந்தியா நாலு தையிலும் அவளைப் பெற்றவள் மேல்தான் இறங்கினாள். அதனால் ஊர் இப்போது தீர்த்தம்மாளை ‘பூவாடைக்காரியப் பெத்தவ’ என்றுதான் சொல்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு அதற்கு முன்னால் நாற்பது வருச வாழ்க்கை இருக்கிறது.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் பிறந்தவள். எட்டாவது வரை படித்தாள். ஒன்பதாவதுக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். சைக்கிள் கேட்டாள், கிடைக்கவில்லை, படிப்பு அத்தோடு நின்றது. பதினெட்டில் கல்யாணம். வந்து சேர்ந்த எங்கள் ஊரில் பாதி வீட்டில் தெலுங்கு, கால்வாசி வீட்டில் கன்னடம். ஒரே வருசத்தில் இரண்டிலும் திட்டக் கற்றுக்கொண்டாள், பேசத்தான் வரவில்லை. மூன்று ஏக்கர் காடு, ஒரு கிணறு. தக்காளிக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. இந்த முனையில் குனிந்தால் அந்த முனை போய்த்தான் நிமிர்வாள். பேச்சு குறைவு. சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் வைத்து அடக்குவாள். அப்படியும் தோள் இரண்டும் குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மாதப்பன் மாமா நல்ல மனுசன்தான். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் காட்டில் காய் நிற்கிற நாட்களில் வீட்டில் யார் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. மூத்தவன் ஜெயபால், ஓசூரில் கம்பெனி வேலை. இளையவள் சந்தியா.

சந்தியாவை இப்போது எல்லோரும் அடக்கமான பெண், அதிர்ந்து பேசாத பெண் என்கிறார்கள். பூவாடைக்காரி ஆனதும் எங்கிருந்துதான் வந்ததோ அந்த அடக்கம். எனக்குத் தெரிந்த சந்தியா என் கடைக்கு வந்தால் கேட்காமல் கத்தரிக்கோலை எடுப்பாள். வெட்டிப்போட்ட துண்டுத் துணியை எல்லாம் பையில் அடைத்துக்கொள்வாள். என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய் அவளுடையதை விட்டுவிடுவாள். தக்காளிப் பெட்டி லாரி ஏறும் முன்னால் மேலே இருக்கும் பழத்தில் மார்க்கரால் கண்ணும் வாயும் வரைந்து, கீழே தன் பேரை எழுதுவாள். மாமா கத்துவார். அவள் அசைய மாட்டாள்.

“பெங்களூர்ல யாரோ ஒரு அக்கா கழுவுறப்ப என் மூஞ்சியப் பாத்துச் சிரிப்பாங்க இல்ல? உனக்கு என்னா நட்டம்?”

அப்பாவுக்கும் மகளுக்கும் வாரம் ஒரு சண்டை. சண்டை என்றால் இரண்டு நாள் பேச்சு கிடையாது. மூன்றாம் நாள் மாமா மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டிலிருந்து புரோட்டா பொட்டலத்தை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வருவார். அவள் முதலில் சால்னா பையைத் தூக்கிப் பார்ப்பாள். நிறைய இருந்தால்தான் வாய் திறப்பாள். வெறும் சமாதானம் அவளிடம் செல்லாது. “எங்கூட்டு மகாராணிக்கு லஞ்சம்” என்று மாமா என் கடை முன்னால் நின்று பொட்டலத்தை ஆட்டிக் காட்டிவிட்டுப் போவார். அவர் முகத்தில் அப்போது இருந்த களையை நான் பிறகு பார்க்கவில்லை.

நாலு வருசத்துக்கு முன்னால் ஐப்பசியில் ஒரு புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டதுபோல இருந்தது. ஆனால் பெண் எழுந்து உட்கார முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கையில் சிவப்புப் பொட்டு பொட்டாக இருந்தது. தீர்த்தம்மாள் அதைப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

“ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க. எனக்கு என்னமோ பயமா இருக்குது.”

அன்று வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காட்டில் பழுத்த தக்காளி அப்படியே நின்றது. லாரி வந்து வாசலில் நின்றது. “காய்ச்சல்தான் வுட்டுடுச்சே. காய் நனைஞ்சா அத்தினியும் வெடிச்சிடும். லோடு ஏத்திட்டு சாய்ந்தரம் போலாம்” என்றார் மாமா. உள்ளே கட்டிலில் இருந்து சந்தியாவே கூப்பிட்டாள். “அப்பா, போலாம்ப்பா.” அவர் கதவருகே வந்து, “சாய்ந்தரம் புள்ள” என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனார். சாயந்தரம் மழை பிடித்துக்கொண்டது. போகவில்லை. சனிக்கிழமை காலை தர்மபுரிக்குக் கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. டெங்கு. ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். “ஒருநாள் முன்னாடி வந்திருக்கலாமேம்மா” என்று ஒரு நர்ஸ் சொன்னாள். பாவம், அழுதுகொண்டேதான் சொன்னாள்.

நீங்கள் கேட்பீர்கள், பெற்றவளே பஸ் ஏற்றிக் கூட்டிப் போயிருக்கக் கூடாதா என்று. நானும் ஒருநாள் கேட்டுவிட்டேன். வாய் அப்படி. தீர்த்தம்மாள் கோபப்படவில்லை. “நானும் அன்னிக்குக் காட்டுல காய்தான் பறிச்சன் கண்ணம்மா. ஆள் பத்தலைன்னு கூப்பிட்டாரு, போனன். அவரு மேல இருக்கிற கோவத்துல பாதி எம்மேலதான்” என்றாள். நான் மெஷினை ஓட்டினேன்.

காரியம் முடிந்ததும் அவரிடம் கேட்டுவிடுவது என்று அவள் நினைத்திருந்தாள். பதினாறு நாளும் மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். ஏன் கூட்டிட்டுப் போகல? நான் சொன்னப்ப, அவ சொன்னப்ப, ஏன் போகல? ஆனால் அதற்குள் அவர் விழுந்துவிட்டார். சோறு வேண்டாம், தண்ணி வேண்டாம், காட்டில் மோட்டார் ரூமில் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஜெயபால் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவுக்குக் காவல் இருந்தான். மோட்டார் ரூமில் இருந்த பூச்சிமருந்து பாட்டில்களை எல்லாம் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்து என் கடைப் பரணில் போட்டான். இப்படிக் கிடக்கிற மனுசனிடம் எதைக் கேட்பது? அடுக்கி வைத்த வார்த்தைகளை அவள் அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

தை பிறந்ததும், பெண்ணை வீட்டுக்கு அழைத்துவிடுங்கள், எல்லாம் சரியாகும் என்றார்கள். பம்பைக்காரர் கிருஷ்ணப்பன் வந்தார். கிணற்றடியில் கலசம் வைத்து, என் கையால் தைத்த பச்சைப் பாவாடையைத் தட்டில் வைத்து, பம்பை அடித்துக் கூப்பிட்டார். மாதப்பன் மாமாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு, உயிரை யாரோ கடனுக்கு விட்டுவைத்ததுபோல இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தீர்த்தம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கூந்தல் அவிழ எழுந்து ஆடினாள். எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். நானும் கும்பிட்டேன்.

“அப்பா, எனக்கு உம்மேல கோவம் இல்லப்பா. நீ சோறு தின்னு.”

அவ்வளவுதான் சொன்னாள். மாமா ஓவென்று அழுதார். அன்று மத்தியானம் இலையில் உட்கார்ந்து இரண்டு கரண்டி சோறு தின்றார். மறுநாள் மோட்டார் போட்டார். ஒரு மாதத்தில் மனுசன் தேறிவிட்டார்.

எட்டு நாள் கழித்துத் தீர்த்தம்மாள் கடைக்கு வந்தாள். நான் ஓவர்லாக்குக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

“அன்னிக்கு வந்தது அவ இல்ல கண்ணம்மா. நான்தான்.”

எனக்குச் சாமி விசயத்தில் இப்படி விளையாடுவார்களா என்று முதலில் பயம்தான் வந்தது. பிறகு சமாளித்துக்கொண்டு, “நல்லதுக்குத்தானே பண்ண. மனுசன் பொழைச்சிட்டாரில்ல, வுடு” என்றேன்.

“பொழைக்கணும்னுதான் சொன்னன். அவ வாயில வச்சு மன்னிச்சிட்டன். ஆனா நான் மன்னிக்கலையே.”

அப்போது எனக்கு அதன் பாரம் முழுசாகப் புரியவில்லை. வருசம் ஏற ஏறத்தான் புரிந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தாங்க முடியாமல், அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி எடுத்தாளாம். அவர் சோற்றுக் கையோடு, கொஞ்சமும் கோபம் இல்லாமல், “அதான் தை மாசமே பேசி முடிஞ்சிடுச்சே தீர்த்தம்” என்றாராம். அதற்கு மேல் அவள் வாயைத் திறக்க வழியில்லை. பெண்ணே வந்து மன்னித்த பிறகு பெற்றவள் எதைக் கேட்பது? அந்தப் பூட்டைப் போட்டவளும் அவளே. சாவி யாரிடமும் இல்லை.

அழவும் முடியவில்லை. அழுதால் அக்கம்பக்கத்துப் பெண்கள், “சாமியா வந்து வூட்டுல இருக்கிறவளுக்கு எதுக்கு அழுவுற, அவளுக்கு ஆவாது” என்று அதட்டினார்கள். வெள்ளிக்கிழமையானால் யாராவது வெற்றிலை பாக்கோடு வந்து, மகனுக்கு வேலை கிடைக்குமா, மருமகளுக்கு வயிற்றில் தங்குமா, பாப்பாவைக் கேட்டுச் சொல்லு என்று உட்கார்ந்துகொண்டார்கள். “தை மாசம் மட்டுந்தான் வருவா” என்று சொல்லி அனுப்புவாள். தை வந்தால் மாமா முன்னால் வந்து மண்டியிட்டு உட்கார்ந்துகொள்வார். “அம்மாடி, அப்பா மேல கோவம் இல்லையே?” ஒவ்வொரு வருசமும் அதே கேள்வி. இல்லை என்று சொல்லாவிட்டால் மறுபடியும் மோட்டார் ரூமில் போய்ப் படுத்துக்கொள்வாரோ என்று இவளுக்குப் பயம். இல்லை, இல்லை, இல்லை என்று நாலு தை சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பத்து நாளைக்குச் சோறு இறங்காது. என் கடையில் வந்து உட்கார்ந்து, துண்டுத் துணிகளைப் பொறுக்கி நிறம் நிறமாகப் பிரித்து வைப்பாள். சந்தியா செருப்பு மாற்றிய கதை, பாவாடையில் மை கொட்டிவிட்டு என் மேல் பழி போட்ட கதை, இதையெல்லாம் நான் சொல்வேன். முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தோளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த வருசம் ஜெயபாலுக்கு அதியமான்கோட்டையில் பெண் முடிவானது. தை மூன்றாவது வாரம் கல்யாணம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை பூவாடை. பெண் வீட்டாரும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தீர்த்தம்மாள் துணிப்பையை என் மெஷின் மேல் வைத்துவிட்டு நின்றாள்.

“இந்த வருசம் நான் வரமாட்டன் கண்ணம்மா.”

“எங்க?”

“கெணத்தடிக்கு வருவன். உக்காந்திருப்பன். எந்திரிக்க மாட்டன். என்னால முடியல. இன்னொரு தரம் அந்த வார்த்தைய எம்புள்ள வாயில வச்சன்னா நான் செத்துடுவன்.”

“அப்ப மாமாகிட்ட உண்மையச் சொல்லித் தொலையேன்.”

“சொன்னா? பாப்பா மன்னிச்சான்னு நெனச்சுத்தான் மனுசன் நாலு வருசமா சோறு திங்கிறாரு. அதைப் புடுங்கிட்டா? தையில பையனுக்குக் கல்யாணம்.” 

சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. சும்மா உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வழி. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரிந்தது. சாமி வரவில்லை என்றால் மஞ்சள் இடிக்க மாட்டார்கள். வழக்கம்போல மாமா வந்து இரண்டு அங்குலம் கூட்டச் சொன்னார். நான் வழக்கம்போல டக் போட்டுத் தைத்தேன். இந்த முறை மாம்பழ நிறம்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் கிணற்றடியில் கூட்டம். கலசத்துக்கு முன்னால் தீர்த்தம்மாள் உட்கார்ந்தாள். பாவாடைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். எதிர்ப்பக்கம் பெண்ணின் அம்மாவும் கூட வந்த நாலு பெண்களும் இருந்தார்கள். கிருஷ்ணப்பன் பம்பையை எடுத்தார். கால் மணி, அரை மணி ஆனது. மற்ற வருசங்களில் பம்பை சூடேறும் முன்பே எழுந்துவிடுகிறவள், இப்போது கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடவே இல்லை. கிணற்று மேட்டுக்கு அந்தப் பக்கம் குச்சி கட்டி நின்ற தக்காளிச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் ஆனதும் கிருஷ்ணப்பன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பம்பையை இறக்கினார்.

“பொண்ணுக்கு ஏதோ மனசுல குறை இருக்குதுங்க. வரமாட்டங்குது. வூட்டுல என்னா நடந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க.”

கூட்டம் சலசலத்தது. பெண்ணின் அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள். “இந்தச் சம்பந்தம் அந்தப் பொண்ணுக்குப் புடிக்கலையோ என்னமோ. நாம எதுக்கும் இன்னொரு எடத்துல குறி கேட்டுப் பாத்துட்டுச் சொல்லலாம்.” ஜெயபாலின் முகம் செத்துப்போனது. அம்மாவிடம் வந்து குந்தினான். “அம்மா, பரவால்லம்மா. பாப்பாவுக்கு இஷ்டம் இல்லன்னா வேணாம்மா” என்றான். அவன் நிஜமாகவே அப்படித்தான் நம்பினான். தங்கை வேண்டாம் என்று சொல்கிறாள் என்று நினைத்து, கல்யாணத்தையே விட்டுவிடத் தயாராகிவிட்டான் பைத்தியக்காரன். தீர்த்தம்மாளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அப்போதுதான் மாதப்பன் மாமா எழுந்து வந்தார். மண்டியிடவில்லை. அவள் காதருகே குனிந்து, மெதுவாகப் பேசினார். தட்டோடு நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

“தீர்த்தம், எந்திரி. எனக்குத் தெரியும், நீதான்னு. மொத வருசமே தெரியும். எம்பொண்ணு என்னிக்கு புரோட்டா வாங்காம என்னை மன்னிச்சிருக்கா? நீதான் மன்னிச்ச. நீ மன்னிச்சன்னுதான் அன்னிக்கு சோறு தின்னன். வருசா வருசம் உங்கிட்டதான் கேட்டன். எனக்கு அது போதும். இப்ப பையனுக்காக எந்திரி.”

 நாலு வருசமாக இவள் எதைச் சொல்ல முடியாமல் புழுங்கினாளோ, அது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. ஆனால் இவள் மன்னிக்கவே இல்லை என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. இவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்து அந்தப் பாவி மனுசன் உயிரோடு இருக்கிறார்.

தீர்த்தம்மாள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். கூந்தல் அவிழவில்லை, ஆடவில்லை. கிருஷ்ணப்பன் அவசரமாகப் பம்பையை எடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“லாரி போனப்புறம் கூட்டிட்டுப் போறன்னியே. ஏன் போகல?”

குரல் சந்தியாவுடையது மாதிரியே இல்லை. தீர்த்தம்மாள் குரல்தான். ஆனால் கூட்டம் முழுக்கக் கையெடுத்துக் கும்பிட்டது. மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மழை வந்துடுச்சு...”

“மழைக்கு முன்னாடி?”

“காய் நனைஞ்சிடும்னு...”

“எத்தினி பெட்டி நனைஞ்சுது?”

 ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. இந்த நாலு வருசத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரைக் கேட்டதில்லை. எல்லோரும் விதி என்றோம், டெங்கு என்றோம். அவர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, “நனையல. ஒண்ணுகூட நனையல. எல்லாத்தையும் ஏத்திட்டன். தப்புதான். மன்னிச்சிடு” என்று அழுதார்.

 இப்போது அவள் ‘கோவம் இல்ல’ என்று சொன்னால் பழையபடி எல்லாம் பூட்டிக்கொள்ளும். ‘மன்னிக்க மாட்டன்’ என்றால் மனுசன் அந்தக் கிணற்றிலேயே விழுவார். தீர்த்தம்மாள் அவரைக் குனிந்து பார்த்தாள்.

“எங்கிட்ட எதுக்குக் கேக்கிற? நான்தான் செத்துட்டனே. எங்கம்மாகிட்ட போய்க் கேளு.”

பிறகு பெண் வீட்டார் பக்கம் திரும்பி, “மஞ்சள் இடிங்க. எங்கண்ணனுக்கு நல்லபடியா நடக்கும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். குலவைச் சத்தம் எழுந்தது. பெண்ணின் அம்மாவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். “என்னா சத்தியமான சாமி” என்றாள். நான் பாவாடைத் தட்டைக் கலசத்தின் முன்னால் வைத்தேன். தீர்த்தம்மாள் குனிந்து பாவாடையின் விளிம்பைப் புரட்டிப் பார்த்தாள். டக் போட்ட இடத்தை விரலால் தடவினாள். அவளுக்கு அதுவும் முதல் வருசமே தெரிந்திருக்குமோ என்னமோ.

மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. பந்தி எல்லாம் முடிந்து வெளியாட்கள் போய்விட்டார்கள். ஜெயபால் அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து கடைசி இலையில் உட்கார வைத்தான். நான் ஓரத்தில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். மாமா இலையில் தண்ணீர் தெளித்தார், அதோடு கை நின்றுவிட்டது. தீர்த்தம்மாள் சோற்றுக் குண்டானோடு வந்தாள். இரண்டு கரண்டி வைத்துக் குழம்பு ஊற்றினாள். அவர் சோற்றைத் தொடவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“கேக்கட்டுமா தீர்த்தம்?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளியே கொடியில் காய்ந்த துணியைப் பார்த்தாள், சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தாள், கடைசியில் அவரைப் பார்த்தாள்.

“கேக்காதீங்க. கேட்டா மன்னிக்கலைன்னுதான் சொல்லுவன். நீங்க சாப்பிடுங்க.”

அவர் தலையாட்டிவிட்டு, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். தீர்த்தம்மாள் ரசம் எடுத்து வர உள்ளே போனாள்.